பிரிக்கப்படாத பூட்டு: எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயற்குழுவினருக்கும் தமிழ்ப் பள்ளிப் பொறுப்பாளர்களுக்கும்,

நான் உங்களிடம் கேட்டது இருபது நிமிடம். பெற்றோர் கூட்டத்தில், பாடநூல் விநியோகத்துக்கும் ஆண்டுவிழாக் கணக்குக்கும் நடுவில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நாம் வாழும் ஓக்லேண்ட் கவுண்டியின் (மாவட்டத்தின்) சுகாதாரத் துறையிலிருந்து ஒருவரை அழைத்து, வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் பிள்ளைகள் கைக்குப் போகாமல் பூட்டி வைப்பது எப்படி என்று பேசச் செய்ய இருபது நிமிடம். கூடவே, சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி. மூன்று வாரம் கழித்து உங்கள் பதில் வந்தது: "இது அரசியல் சார்ந்த பொருள் என்பதால் சங்க மேடையில் இடமளிக்க இயலாது. மேலும், நம் சமூகத்துக்கு இது பொருந்தும் பிரச்சினையாகத் தெரியவில்லை."

அதே வாரம் வந்த சங்கச் செய்திமடலில், தந்தையர் தினத்தை ஒட்டி அப்பாக்கள் ஒன்றுசேர்ந்து சுடுதளத்துக்குப் போய்வரும் அறிவிப்பு இருந்தது. வாடகைத் துப்பாக்கிக்கு எவ்வளவு, தோட்டாவுக்கு எவ்வளவு, மதியம் பிரியாணி என்பது வரை விவரமாக அச்சிட்டிருந்தீர்கள். அங்கே போகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவுமில்லை. சட்டப்படி நடக்கும் இடம். சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால், சுடக் கற்றுக்கொள்ள இடம் கொடுத்த சங்கம் பூட்டக் கற்றுக்கொள்ள இடமில்லை என்று சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒன்பது ஆண்டுகளாக இந்தப் பள்ளியில் மூன்றாம் நிலைக்குப் பாடம் எடுக்கிறேன். உங்களில் பலருடைய பிள்ளைகள் என்னிடம் உயிர்மெய் எழுதப் பழகியவர்கள். அந்த உரிமையில்தான், தனிக்கடிதமாக அனுப்பியதை இப்போது எல்லோரும் படிக்கும் மடலாக எழுதுகிறேன்.

நம் சமூகத்துக்குப் பொருந்தாது என்கிறீர்கள். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, பொங்கல் விழா ஒத்திகை முடிந்ததும், என் மகன் நண்பன் வீட்டில் இரவு தங்கினான். இருவருக்கும் பன்னிரண்டு வயது. நம் பள்ளியில் முதல் நிலையிலிருந்து ஒரே வகுப்பு. மறுநாள் காலை அவனை அழைத்துக்கொண்டு திரும்பும்போது, சிக்னலில் வண்டி நின்ற நேரத்தில், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டான்: "அம்மா, உண்மைத் துப்பாக்கி இவ்வளவு கனமாகவா இருக்கும்?"

அடுத்து வந்த கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். அதட்டினால் வாயை மூடிக்கொள்வான் என்று தெரியும். அதனால் குரலை உயர்த்தாமல் ஒவ்வொன்றாகக் கேட்டேன். நண்பனின் அம்மா பட்டுப்புடவைகள் அடுக்கி வைத்திருக்கும் அலமாரி. அதன் மேல்தட்டில், புடவைகளுக்குப் பின்னால், ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. நண்பன் நாற்காலி போட்டு ஏறி எடுத்திருக்கிறான். பெரியவர்கள் அப்போது பேஸ்மென்ட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். "நான் ஒரே ஒரு தடவைதான் கையில் வாங்கினேன். விரலை அந்த இடத்தில் வைக்கவில்லை," என்றான். பிறகு நான் கேட்காமலேயே சொன்னான்: "அவனும் என்னைக் குறிபார்க்கவில்லை அம்மா. சுவரைத்தான் குறிபார்த்தான்."

அன்று மாலை நானும் என் கணவரும் அந்த வீட்டுக்குப் போனோம். பதினான்கு வருடப் பழக்கம். என் மகன் பிறந்தபோது ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. பூண்டுக்குழம்பும் பத்தியச் சோறும் நாற்பது நாள் எனக்கு ஆக்கிப் போட்டவள் அந்த வீட்டுப் பெண். அவர்கள் இருவரும் என்னை அக்கா என்று அழைப்பவர்கள். விஷயத்தைச் சொன்னதும் அவள் கணவர் ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தார். தோட்டா நிரப்பிய மேகசின் துப்பாக்கிக்குள்ளேயே இருந்தது. பக்கத்தில், பஞ்சுக் குழியில், ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை. உள்ளே சுருட்டி வைத்த கேபிள் பூட்டு (துப்பாக்கிக்குள் கோத்துப் பூட்டும் கம்பிவடம்) ஒன்று, அதன் இரண்டு சாவிகள், நாலாக மடித்த ஒரு தாள். உறையின் வாயில் அடித்திருந்த ஸ்டேப்பிள் பின் அப்படியே இருந்தது. 2021 இல் கடைக்காரர் கொடுத்தது கொடுத்தபடி கிடந்தது.

"பூட்டி வைத்தால் திருடன் வரும்போது எப்படி எடுப்பது என்று விட்டுவிட்டேன் அக்கா," என்றார். அவர் மனைவிக்குத் துப்பாக்கி இருப்பது தெரியும். தோட்டா உள்ளேயே இருப்பது தெரியாது. "என் தாலிக்கொடியையே வங்கி லாக்கரில்தானே வைத்திருக்கிறேன்," என்று ஒரு வார்த்தை சொன்னாள். அதற்குப் பிறகு அவளால் பேச முடியவில்லை. அவர்கள் இருவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எழுதச் சொன்னவளே அவள்தான்.

அந்தப் பிரிக்கப்படாத உறையை நான் முன்பே அறிவேன். நீங்களும் அறிவீர்கள். நம் ஓக்லேண்ட் கவுண்டியிலேயே, நம் பள்ளி வளாகத்திலிருந்து காரில் முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது ஆக்ஸ்ஃபோர்டு. 2021 நவம்பர் 30 அன்று அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் ஒருவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். ஏழு பேர் காயமடைந்தார்கள். அந்தக் கைத்துப்பாக்கியை அவனுடைய தந்தை வாங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அவனுடைய தாயும் தந்தையும் தனித்தனியே விசாரிக்கப்பட்டு, 2024 ஏப்ரலில் ஆளுக்குக் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 15 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் பலரைச் சுட்டுக் கொன்றதற்காகப் பெற்றோர் இப்படித் தண்டிக்கப்பட்டது இந்த நாட்டில் அதுவே முதல் முறை. துப்பாக்கியோடு வந்த கேபிள் பூட்டு உறை பிரிக்கப்படாமலே கிடந்தது என்பது அந்த வழக்கில் சாட்சியமாக வந்தது. அரசு வழக்கறிஞர் அதே மாதிரிப் பூட்டை எடுத்து ஜூரிகள் முன்னால் பூட்டிக் காட்டினார். சில நொடிகளில் முடிந்துவிட்டது. என் நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்ததும் அப்படி ஒரு உறைதான்.

ஜனவரிக்குப் பிறகு, என் மகன் போய்வரும் வீடுகளில் எல்லாம் கேட்கத் தொடங்கினேன். நாக்கு எழவில்லை, முதல் இரண்டு வீட்டில் வேறு ஏதோ பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன். பிறகு பழகிவிட்டது. நிலக்கடலை ஒவ்வாமை இருக்கிறதா, நாய் இருக்கிறதா என்று கேட்பது போலத்தான். பதினொரு தமிழ் வீடுகளில் கேட்டேன். நான்கு வீடுகளில் துப்பாக்கி இருந்தது. இரண்டில் பூட்டியிருந்தார்கள். ஒருவர்கூட என் மேல் கோபப்படவில்லை. ஒரு வீட்டில், "இத்தனை வருடத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை," என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பதினொன்றில் நான்கு என்பது எனக்கும் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு நாட்டுக் கணக்கைப் பார்த்தேன். பியூ ஆய்வு மையத்தின் 2023 கணக்கெடுப்பில், வயதுவந்த அமெரிக்கர்களில் 32 சதவீதம் பேர் தங்களிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொல்கிறார்கள். வீட்டில் யாரிடமாவது இருக்கிறது என்று பார்த்தால் பத்தில் நான்கு. கிராமப்புறத்தில் 47 சதவீதம், புறநகரில் 30, நகரத்தில் 20. புறநகர் என்றால் நாம்தான். ஆசிய அமெரிக்கர்களிடம் இந்த விகிதம் குறைவு, பத்தில் ஒருவர்தான் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அது மாறிக்கொண்டிருக்கிறது. 2019 தொடக்கத்திலிருந்து 2021 ஏப்ரல் வரை ஏறத்தாழ 75 லட்சம் பேர் வாழ்க்கையில் முதல்முறையாகத் துப்பாக்கி வாங்கினார்கள். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். அதுவரை துப்பாக்கியே இல்லாத வீடுகளுக்குள் அது நுழைந்ததால், 50 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் புதிதாகத் துப்பாக்கி உள்ள வீட்டில் வளரத் தொடங்கினார்கள். கொரோனா காலத்தில் துப்பாக்கி வாங்கிய ஆசிய அமெரிக்கர்களை ஆராய்ந்தவர்கள், அவர்களில் பாதிக்கு மேல் முதல்முறை வாங்குபவர்கள் என்றும், இனவெறியை நேரில் அனுபவித்தவர்களே அதிகம் வாங்கினார்கள் என்றும் கண்டிருக்கிறார்கள்.

ஏன் வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2017 இல் கன்சாஸ் மாநிலம் ஒலேத்தாவில் வேலை முடிந்து நண்பரோடு உட்கார்ந்திருந்த இந்தியப் பொறியாளர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்த இரவு என் கணவர் தூங்கவில்லை. நம் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று தெரிந்தே, ஆசிய, இந்திய வம்சாவளிக் குடும்பங்களின் வீடுகளைப் பட்டியல் போட்டுப் புகுந்து, பிள்ளைகள் உட்பட எல்லோரையும் கட்டிப்போட்டுக் கொள்ளையடித்த கும்பல் மிச்சிகனுக்கும் வந்தது. அதன் தலைவிக்கு இங்கே டெட்ராய்ட் பெடரல் நீதிமன்றத்தில்தான் 2019 இல் 37 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. பயந்தவர் துப்பாக்கி வாங்கினால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. இந்த நாட்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. வாங்கக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் துப்பாக்கியோடு வளர்ந்தவர்கள் இல்லை. தஞ்சைப் பக்கம் எங்கள் ஊரில் ஒரே ஒரு வீட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தது. தேர்தல் அறிவித்தால் அந்த வீட்டுத் தாத்தா அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வருவார். ஊருக்கே அது தெரியும். அவ்வளவுதான் எனக்கும் துப்பாக்கிக்கும் இருந்த உறவு. உங்களில் பலருக்கும் அதைவிட அதிகமாக இருக்காது. அரிவாள்மனையைப் படுக்க வைக்க வேண்டும், கிணற்றடிக்குக் குழந்தையைத் தனியாக விடக்கூடாது என்று நம் அம்மாக்கள் ஆயிரம் தடவை சொல்லி வளர்த்தார்கள். துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல அவர்களுக்கும் எதுவும் தெரியாது, நமக்கும் வந்து சேரவில்லை.

நான் வேலை பார்க்கும் உதிரிபாக ஆலையில் என் அடுத்த மேசைக்காரர் 'தம்ப்' வட்டாரத்துக்காரர். மிச்சிகன் வரைபடத்தைக் கையுறையாக நினைத்துக்கொண்டால் கட்டைவிரல் இருக்கும் இடம். சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கும் சோளமும் விளையும் பூமி. நவம்பர் 15 மான் வேட்டைப் பருவம் தொடங்கும் நாள். நமக்குத் தீபாவளி எப்படியோ, அவருக்கு அது அப்படி. மாநிலத்தின் வடக்கே பல பள்ளிகளுக்கே அன்று விடுமுறை. அவர் வீட்டில் ஆறு வேட்டைத் துப்பாக்கிகள். அத்தனையும் குளிர்சாதனப் பெட்டியைவிட உயரமான இரும்புப் பெட்டகத்தில். தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பூட்டில். 1960 இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடிக்காமல் இங்கே பொதுவாக வேட்டை உரிமம் வாங்க முடியாது என்பதால் அவரும் படித்தார், பிள்ளைகளையும் படிக்க வைத்தார். ஜனவரியில் நடந்ததை அவரிடம் சொன்னபோது அவர் அதிர்ச்சியடையவில்லை. "எனக்கு என் அப்பா சொல்லிக்கொடுத்தார், அவருக்கு அவர் அப்பா. உங்கள் மக்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் உங்களிடம் வந்தேன்.

கிராமத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் நினைக்கவில்லை. அலபாமா கிராமப்புறத்தில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே கேட்ட ஓர் ஆய்வு 2006 இல் வந்தது. துப்பாக்கி இருக்கும் இடம் என் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேருடைய பிள்ளைகள் தங்களுக்கு அது தெரியும் என்றார்கள். தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கியோடு வாழ்பவர்கள் வீட்டிலேயே இப்படி என்றால், பட்டுப்புடவைக்குப் பின்னால் ஒளித்து வைத்த நாம் எம்மாத்திரம்?

என் அடுத்த மேசை நண்பரின் தம்பி இரண்டு குளிர்காலத்துக்கு முன் தன் துப்பாக்கியாலேயே இறந்துபோனார். விவசாயக் கடன், பிரிந்துபோன மனைவி, நவம்பர் முடிந்தால் ஆளரவமற்ற வீடு. பெட்டகத்தின் சாவி அவரிடமே இருந்தது. "வசந்தம் வரைக்கும் நான் வைத்துக்கொள்கிறேன், கொடு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருந்தது," என்று அந்த நண்பர் சொல்லும்போது மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருப்பார். 2021 இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பள்ளிக்கூடச் சம்பவங்களும் நகரத்துத் தெருச் சண்டைகளும் கொலைக் கணக்கில் சேரும். பாதிக்கு மேற்பட்ட மரணங்கள், பெரும்பாலும் வீட்டுக்குள், சத்தமில்லாமல் நடக்கின்றன. நகரத்தைவிடக் கிராமத்தில் தற்கொலை விகிதம் அதிகம்.

இதை எழுதும்போது என் கை கொஞ்சம் நடுங்குகிறது. ஆனாலும் எழுத வேண்டும். 15 முதல் 24 வயது வரையுள்ள ஆசிய அமெரிக்கர்கள் இறப்பதற்கு முதல் காரணமாக இருப்பது தற்கொலை. நம் பிள்ளைகள் எப்படிப்பட்ட நெருக்கடியில் படிக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மதிப்பெண் குறைந்த இரவு, கல்லூரி இடம் கிடைக்காத வாரம், ஒரு நட்பு முறிந்த மாலை. அந்த நெருக்கடி பெரும்பாலும் கடந்துபோகும். ஒருமுறை முயன்று பிழைத்தவர்களில் பெரும்பான்மையோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. துப்பாக்கி கையில் இருந்தால் பிழைப்பவர்கள் அரிது. அந்த ஒரு மணி நேரத்தில் அலமாரிக்குள் இருப்பது பூட்டியிருந்தால் பிள்ளை மறுநாள் காலை சாப்பிட இறங்கி வருவான். அரசியல் என்று நீங்கள் ஒதுக்கிய பேச்சுக்குள் இருப்பது இதுதான்.

திருடன் வந்தால் எப்படி எடுப்பது என்று என் நண்பர் கேட்டதற்கும் பதில் இருக்கிறது. டெட்ராய்ட் நகருக்குள் குடியிருக்கும் எங்கள் ஆலைக் கணக்காளர் ஒருவர், கறுப்பினப் பெண், 2020 இல் முதல்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர். தனியாகப் பேத்தியை வளர்க்கிறார். படுக்கைக்குப் பக்கத்தில் திருகாணி போட்டு முடுக்கிய சிறு இரும்புப் பெட்டி. அவருடைய விரல்ரேகை பட்டால் உடனே திறந்துகொள்கிறது, பேத்தி விரலுக்குத் திறப்பதில்லை. இதை அவர் எங்கே கற்றுக்கொண்டார் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை, அவருடைய தேவாலயத்தில். வழிபாடு முடிந்தபின் பாதுகாப்பு வகுப்பு நடத்தி, பூட்டும் கொடுத்து அனுப்பினார்களாம். அவர்கள் சமூகம் தன் மக்களுக்குச் செய்ததைத்தான் நம் சங்கம் செய்ய வேண்டும் என்கிறேன்.

இனி சட்டம். 2024 பிப்ரவரி 13 முதல் மிச்சிகனில் இது கட்டாயம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டிலோ, வந்துபோகக்கூடிய இடத்திலோ துப்பாக்கியைக் கவனிப்பாரின்றி வைத்தால், பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். அல்லது தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கிக்கே பூட்டுப் போட வேண்டும். நம் பிள்ளை மட்டுமில்லை, ஒத்திகைக்கு வந்த பிள்ளையும் இதில் அடக்கம். அப்படிச் செய்யாமல் ஒரு பிள்ளை அதை எடுத்து, யாராவது இறந்தால் 15 ஆண்டு வரை சிறை. இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த மறுநாளே ஃபிளின்ட் நகரில் இரண்டு வயதுக் குழந்தை வீட்டிலிருந்த கைத்துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொண்டது. அதன் தந்தைதான் இச்சட்டத்தின் கீழ் முதலில் வழக்கைச் சந்தித்தார்.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எந்தக் கடைக்காரரும் விளக்கிச் சொல்லமாட்டார். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது பெடரல் சட்டப்படி பொதுவாகத் தடை செய்யப்பட்டது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அந்த ஒற்றை விலக்கைக் கேள்விப்பட்டு, மானைக் கண்ணால் பார்க்காதவர்களும் வேட்டை உரிமம் வாங்கியிருக்கிறார்கள். உரிமம் காலாவதியானால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. துப்பாக்கி தொடர்பான குற்றத் தீர்ப்பு, பச்சை அட்டை வைத்திருப்பவரையும் நாடு கடத்தக் காரணமாகலாம். வருமான வரிக்கும் விசாவுக்கும் ஆண்டுதோறும் வழக்கறிஞரை அழைத்துச் சங்கத்தில் கூட்டம் போடுகிறீர்கள். அந்தக் கூட்டங்களில் நானும் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். இது மட்டும் எப்படி வேறாகிவிட்டது?

யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று பட்டியல் எடுக்கச் சங்கத்தை நான் கேட்கவில்லை. அப்படி ஒரு பட்டியல் இருப்பதே ஆபத்து. உங்களிடம் கேட்பது பின்வருபவை மட்டுமே.

செப்டம்பரில் பள்ளி திறந்ததும் நடக்கும் முதல் பெற்றோர் கூட்டத்தில் அந்த இருபது நிமிடத்தைக் கொடுங்கள். பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, பெற்றோரை மட்டும் வைத்து. கவுண்டி சுகாதாரத் துறை ஊழியர் பேசுவதைத் தமிழில் எடுத்துச் சொல்ல நான் நிற்கிறேன். வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லாத காலத்தில் துப்பாக்கியை வேறிடத்துக்கு மாற்றி வைப்பது பற்றியும், அபாயம் முற்றினால் நீதிமன்றத்தில் மனுச் செய்ய மிச்சிகன் சட்டம் தரும் வழி பற்றியும் அவர் பேச வேண்டும்.

சேர்க்கைப் படிவத்தில் இந்த ஒரு வரியைச் சேருங்கள்: "எங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தால், அதைத் தோட்டா நீக்கிப் பூட்டி வைப்போம், எங்கள் பிள்ளை போகும் வீட்டில் இதைப் பற்றிக் கேட்போம், எங்களைக் கேட்டால் தயங்காமல் சொல்வோம்." இருக்கிறதா இல்லையா என்று யாரும் வெளிப்படுத்த வேண்டியதில்லை. கையெழுத்து மட்டும். குழந்தை மருத்துவர்களின் தேசிய அமைப்பே, விளையாடப் போகும் வீட்டில் இதைக் கேளுங்கள் என்று பல ஆண்டுகளாகப் பெற்றோருக்குச் சொல்லிவருகிறது. எல்லோரும் கையெழுத்திட்டால் கேட்கிறவருக்குக் கூச்சம் இருக்காது.

பொங்கல், ஆண்டுவிழா ஒத்திகைகளை உறுப்பினர் வீடுகளில் நடத்துகிறீர்கள். வீடு கொடுப்பவரிடம் நாற்காலி எத்தனை, கார் நிறுத்த இடம் உண்டா என்று கேட்கும் அதே மின்னஞ்சலில் இதையும் கேளுங்கள்.

சுடுதள அறிவிப்பு வந்த அதே செய்திமடலில், அதே அளவில், பாதுகாப்பாகப் பூட்டி வைக்கும் சட்டத்தைத் தமிழில் வெளியிடுங்கள். எழுதித் தருகிறேன், சட்டம் தெரிந்த உறுப்பினர் ஒருவர் சரிபார்க்கவும் சம்மதித்திருக்கிறார். அடுத்த ஆண்டு தந்தையர் தினப் பயணம் நடந்தால், வீடு திரும்புமுன் ஒவ்வொருவரும் ஒரு பூட்டைத் தம் கையால் பூட்டிப் பார்க்கட்டும்.

கடைசியாக, "நம் சமூகத்துக்கு இது பொருந்தும் பிரச்சினையாகத் தெரியவில்லை" என்ற அந்த வாக்கியத்தை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். ஒரு வீட்டில் நாற்காலி போட்டு ஏறிய பையனும், இன்னொரு வீட்டுப் பையனும் உங்கள் பள்ளி மாணவர்கள். இருவரும் வரும் செப்டம்பரில் ஏழாம் நிலைக்கு வருகிறார்கள்.

ஆகஸ்ட் 10 க்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். கவுண்டி சுகாதாரத் துறை கொடுத்த நாற்பது கேபிள் பூட்டுகள் என் கராஜில் ஓர் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. கூட்டத்தன்று அவற்றை எந்த மேசையில் வைக்க வேண்டும் என்பதையும் அந்தப் பதிலில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் நிலை ஆசிரியை, ஒரு மாணவனின் தாய்